‘ஒய் வொரி’யில் காணாமப்போன மூணு நிமிஷம்

9 ஜூன் 2024 (கோத்தகிரி தம்பி ஒருத்தர் கேட்டது)

அப்பாவோட டிரங்குப் பெட்டியில டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்ங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பம் கேசட் கிடைச்சது. 1987-ல குன்னூர்ல காசு கொடுத்துப் பதிஞ்சதாம். அதுல ‘ஒய் வொரி’ அஞ்சு நிமிஷம் சொச்சத்துல தேய்ஞ்சு மறையுது. போன்ல கேட்டா அதே பாட்டு எட்டரை நிமிஷம். கடைக்காரர் வெட்டிட்டாரா? இன்னொண்ணு, மூணு கோடி வித்த ஆல்பம்னு போட்டிருக்கு. பாட்டுக்காக வித்ததா, சி.டி.ங்கிற புதுச் சாமானுக்காக வித்ததா?

9 ஜூன் 2024, இரவு 11.10

வெட்டிட்டான் தம்பி. சந்தேகமே வேண்டாம். என்கிட்டயும் அதே ஊர்ல பதிஞ்ச கேசட் இருக்கு, அதே இடத்துலதான் மறையும். அதுக்காக நான் அந்தக் கடையில சண்டையே போட்டிருக்கேன். விவரம் நாளைக்கு. இங்க கரண்ட் போயி போயி வருது.

10 ஜூன் 2024

விவரம்.

எங்கப்பாவுக்கு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில வேலை. அருவங்காடு குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தேன். அந்தக் காலத்துல ஒரு ஆல்பம் வேணும்னா ரெக்கார்டிங் சென்டருக்கு வெறும் கேசட்டை எடுத்துட்டுப் போய்க் கொடுக்கணும். நோட்டுல பேரு எழுதிக்குவாங்க. மூணு நாள் கழிச்சுப் போனா பாட்டோட திரும்பி வரும், அட்டையில பச்சை மையில பாட்டு வரிசை எழுதியிருக்கும். ‘டையர்’ங்கிறதுல ஒரு எழுத்து மாறி, கார் சக்கரத்து டயர் ஆகியிருக்கும். எல்லா மலைக் கடையிலயும் அது அப்படித்தான்.

நான் கொடுத்தது டி.டி.கே. டி60, அதாவது அறுபது நிமிஷக் கேசட். 90 கொடுத்தா கடைக்காரர் வாங்க மாட்டார். “அதுல டேப்பு மெலிசு தம்பி, குளிருக்கு ரோலர்ல சுத்திக்கும்”னு சொல்வார். குளிர் சமாச்சாரம் எனக்குத் தெரியாது, மெலிசுங்கிறது நிஜம். 60-ல டேப் சுமார் 18 மைக்ரான் கனம், 90-ல 12, 120-ல 9. அதே கூட்டுக்குள்ள கூடுதல் நீளத்தை அடைக்கணும்னா வேற வழியில்ல.

ரெண்டு மாசம் சந்தோஷமா கேட்டேன். அப்புறம் பக்கத்துல இருக்கற வெலிங்டன்ல கூடப் படிச்சவன் வீட்டுக்குப் போனேன். அவங்கப்பா அங்க இருக்கற ராணுவ ஸ்டாஃப் காலேஜ் ஆபீசர், வெளிநாட்டுலேர்ந்து சி.டி. பிளேயர் கொண்டுவந்திருந்தார். நான் முதல்முதலா சி.டி. பார்த்தது அங்கதான். ‘ஒய் வொரி’ ஓடுது. என் கேசட்டுல மறையற இடம் வருது. பாட்டு மறையல. பாடறது நின்னு, கிட்டாரும் கீபோர்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பதில் சொல்லிக்கிட்டே போகுது, போகுது, முடியவே இல்ல. எனக்கு வயிறெரிஞ்சுது. என் காசுல மூணு நிமிஷம்!

மறுநாளே குன்னூர் போய் கத்தினேன். அவர் நிதானமா, “பிளேட்டுலயே அவ்வளவுதான் தம்பி இருக்கு”ன்னார் (பிளேட்டுன்னா எல்.பி. இசைத்தட்டு). நான் நம்பல. அஞ்சு ரூபா திருப்பி வாங்கிட்டுத்தான் வந்தேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் படி ஏறல.

10 ஜூன் 2024, மாலை

ரெண்டாவது கேள்வியை விட்டுட்டேன்.

சி.டி.தான் காரணம்னு சொல்றவங்க பேச்சுல பாதி நியாயம் இருக்கு. ஆல்பம் வந்தது 1985 மே. சி.டி. கடைக்கு வந்து மூணு வருஷம்கூட ஆகல (ஜப்பான்ல 1982 அக்டோபர்). சி.டி. வடிவத்துல மட்டும் பத்து லட்சம் தாண்டின முதல் ஆல்பம் இதுதான். அந்த வருஷ டூருக்குக் காசு போட்டது ஃபிலிப்ஸ், அதாவது சி.டி.யைக் கண்டுபிடிச்ச ரெண்டு கம்பெனியில ஒண்ணு. புது பிளேயர் வாங்கினவன் வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அதோட சுத்தத்தைக் காட்ட ஒரு ஆல்பம் வேணும். இது சோனியோட 24 ட்ராக் டிஜிட்டல் டேப் மெஷின்ல பதிஞ்சது. வெலிங்டன் ஆபீசர் எனக்குக் காட்டினதும் அந்தப் பெருமையைத்தான்.

ஆனா கணக்குப் போடு. சி.டி. பத்து லட்சம், மொத்தம் மூணு கோடி. மிச்சமெல்லாம் பிளேட்டும் கேசட்டும் வாங்கினவங்கதானே? இங்கிலாந்துல மொத்தமா 14 வாரம், அமெரிக்காவுல 9 வாரம், ஆஸ்திரேலியாவுல 34 வாரம் முதல் இடம். ஆஸ்திரேலியாக்காரன் எல்லாருமா சி.டி. பிளேயர் வச்சிருந்தான்?

அந்த மூணு கோடியில உங்கப்பா கேசட்டும் வராது, என்னுதும் வராது. ஒரே ஒரு பிளேட்டிலிருந்து குன்னூர்ல எத்தனை கேசட் போயிருக்கும்னு யாரும் எண்ணல. நான் பார்த்த அளவுக்கு, தெருவுக்கு ரெண்டு.

11 ஜூன் 2024

மேலே போட்ட கணக்கு தப்பு. ஊட்டியிலிருந்து ஒரு அக்கா காதைப் பிடிச்சுத் திருகிட்டாங்க. பத்து லட்சம்ங்கிறது ஆரம்ப கால மைல்கல், மூணு கோடிங்கிறது இத்தனை வருஷத்து மொத்தம். அதுக்குள்ள எத்தனை சி.டி.யோ. ரெண்டையும் கழிச்சுப் பார்த்தது முட்டாள்தனம். ஆஸ்திரேலியா நியாயத்தை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

14 ஜூன் 2024

இன்னொரு குட்டு. “டிரம்ஸ் முழுக்க டெர்ரி வில்லியம்ஸ்தான், அந்த ஆள் அடிக்கு ஈடு உண்டா”ன்னு முப்பது வருஷமா சொல்லிட்டுத் திரிஞ்சேன். போன வாரம் மருமகன்கிட்டயும் சொன்னேன். அவன் போனைப் பார்த்துட்டு, “இல்ல மாமா, பெரும்பாலும் ஓமர் ஹக்கீம்”ங்கிறான். நிஜந்தான். வில்லியம்ஸ் வாசிச்சது ஆல்பத்துக்கு ஒத்து வரலேன்னு ஹக்கீமை வரவழைச்சு, ரெண்டே நாள்ல திரும்ப வாசிக்க வச்சிருக்காங்க. ‘மணி ஃபார் நத்திங்’ ஆரம்பத்துல டமடமன்னு ஏறி வருமே, அது மட்டும் வில்லியம்ஸோடது. நல்லவேளை, நான் மேஜை மேல தட்டிக் காட்டறது எப்பவும் அந்த இடத்தைத்தான்.

2 ஜூலை 2024

மழை பிடிச்சிருச்சு. வெளியே போக வழியில்லாம பரண்லேர்ந்து கேசட் பெட்டியை இறக்கினேன். எல்லாத்துலயும் வெள்ளைப் பூஞ்சணம். கீழே இருக்கறவங்களுக்குச் சொல்றேன் (இங்க ‘கீழே’ன்னா மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற உலகம் பூரா): இந்த மலையில செருப்பு, பெல்ட்டு, கேமரா லென்ஸ், கல்யாண ஆல்பம், எதையும் ஆறு மாசம் மூடி வச்சா பூத்துரும். கேசட்டுக்கும் அதே கதிதான். பூத்த டேப்பை அப்படியே ஓட்டினா டேப்ரெக்கார்டர் ஹெட்டுல அப்பி, அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கும்.

என் வைத்தியம்: திருகாணி உள்ள கூடா இருந்தா கழட்டிடணும். சுருள் ஓரத்துல தெரியற பூசணத்தைக் காய்ஞ்ச மெல்லிசுத் துணியால ஒத்தி எடுத்து, முழுக்க ஒரு தடவை மெதுவா சுத்தி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சிட்டே இருக்கணும். குமுட்டி அடுப்புக்கிட்ட காயவைக்காதீங்க. ஒரு நண்பர் வச்சார், கூடு பப்படம் மாதிரி வளைஞ்சு போச்சு.

‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பிழைச்சிருச்சு. இப்ப ஓடிட்டிருக்கு.

2 ஜூலை 2024, இரவு 12.30

தூக்கம் வரல. ‘ஒய் வொரி’ கடைசியில, பாட்டு மறையறப்ப, ஒரு சத்தம். சட். சட். சட். ஒரே சீரா வருது. சின்ன வயசுல அதை நான் தாளம்னே நினைச்சிருந்தேன்.

3 ஜூலை 2024

அது தாளம் இல்ல, கீறல். பிளேட்டுல ஒரு கீறல் இருந்தா சுத்துக்கு ஒரு தடவை முள் அதுல இடறும். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. அப்படின்னா 1.8 வினாடிக்கு ஒரு ‘சட்’. இருபது ‘சட்’டுக்கு 36 வினாடி வரணும். ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தேன். 37.

ஒரு வினாடி கூட வந்தாலும், மூலம் எல்.பி.தான்.

எல்.பி.ன்னு தெரிஞ்சதும் மிச்சத்தையும் நோண்டினேன். நான் 37 வருஷமா பண்ண அநியாயம் வெளியே வந்துருச்சு. எல்.பி.யிலயே அந்தப் பாட்டு அஞ்சு நிமிஷம் சொச்சந்தான்! ‘ஸோ ஃபார் அவே’, ‘மணி ஃபார் நத்திங்’, ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’ எல்லாமே எல்.பி.யில குட்டை. சி.டி. மொத்தம் 55 நிமிஷம், எல்.பி. 47 சொச்சம்.

ஏன்னா பிளேட்டுக்கு இடம் காணாது. முதல் அஞ்சு பாட்டை முழு நீளத்துல கூட்டினா கிட்டத்தட்ட 33 நிமிஷம். ஒரு பக்கத்துல அத்தனையையும் அடைக்கணும்னா பள்ளங்களை நெருக்கி நெருக்கி வெட்டணும். நெருக்கினா சத்தத்தைக் குறைக்கணும், பேஸ் மெலியும். அதனால 25 நிமிஷமா சுருக்கிட்டாங்க. 25-ங்கிறதே ஒரு பக்கத்துக்கு அதிகம். அந்தப் பக்கத்தோட கடைசிப் பாட்டு ‘ஒய் வொரி’, அதிகமா அடிபட்டதும் அதுதான்.

வெட்டினது கம்பெனி. “பிளேட்டுலயே அவ்வளவுதான்”னு கடைக்காரர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. முதல் பதில்ல நான் ‘வெட்டிட்டான்’னு எழுதினதை எப்படியாவது அழிக்க முடியுமான்னு பார்க்கறேன். முடியல. இருக்கட்டும்.

3 ஜூலை 2024, பத்து நிமிஷம் கழிச்சு

சி.டி.யிலிருந்தே பதிஞ்சிருந்தாலும் என் டி60-ல அது நின்னிருக்காது. ஒரு பக்கம் முப்பது நிமிஷம், பாட்டு 33. கடைசி மூணு நிமிஷம் எப்படியும் போயிருக்கும், அதுவும் நடுவுல டப்புன்னு அறுந்து. எல்.பி.யிலயாவது மரியாதையா மறையுது.

5 ஜூலை 2024

37 வினாடி உறுத்திட்டே இருந்துது. கடைக்காரரோட கேசட் டெக் சரியில்லையோன்னு மறுபடியும் அவர் மேலயே கை போச்சு, பழக்கதோஷம். பக்கத்து வீட்டு டெக்குல போட்டுப் பார்த்தேன். 36, அச்சா 36. என் டெக்குல பெல்ட் தொய்ஞ்சு போயிருக்கு. கிட்டத்தட்ட மூணு சதவீதம் மெதுவா ஓடுது, சுருதி அரை ஸ்வரத்துல பாதி இறங்கிடுது. “உன் கிட்டார் எதோடயும் சேர மாட்டேங்குது”ன்னு சர்ச் காய்ர்ல வாசிக்கற நண்பன் சொல்லிட்டே இருந்தான். டேப்பை வச்சு ட்யூன் பண்ணா எப்படிச் சேரும்?

21 ஜூலை 2024

வெலிங்டன்லேர்ந்து ஒரு சார், “தலைப்புப் பாட்டைப் பத்தி யாருமே பேசலையே”ன்னு கேட்டிருக்கார்.

அந்தப் பாட்டு தூரத்து இடியோட தொடங்கும். எங்க வீட்டுல அதுக்குக் கிடைச்ச மரியாதை என்னன்னா, அது கேட்டதும் அம்மா கொடியில கிடக்கற துணியை எடுக்க ஓடுவாங்க. அருவங்காட்டுல துணி காயவைக்கிறது ஒரு தனி உத்தியோகம். மூணு தடவை ஓடி ஏமாந்தாங்க. நாலாவது தடவை நிஜமாவே இடிச்சுது. “உன் பாட்டுதானே”ன்னு அம்மா அடுப்படியிலயே இருந்துட்டாங்க. அப்பா யூனிஃபார்ம் ரெண்டும் தொப்பல். அன்னைக்கு டேப்ரெக்கார்டருக்குத் தடை, ஒரு வாரம்.

சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். பயிற்சியெல்லாம் இங்க வெலிங்டன்லதான். அப்ப இலங்கையில இருந்தார், 1988-ல லீவுல வந்தார். இங்கிலீஷ் பாட்டே பிடிக்காது அவருக்கு. ஆனா இது ஓடும்போது பேப்பரை மடிச்சு வச்சுட்டு, “என்ன சொல்றான்?”னு கேட்டார். எனக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொன்னேன்: ஒரு சிப்பாய், சாகக் கிடக்கறான். இப்ப மூடுபனி படர்ந்த மலையில இருக்கான், ஆனா அவன் வீடு கீழே சமவெளியில. கூட நின்னவங்களைப் பார்த்துப் பாடறான்.

“கீழேன்னா எங்க?”

“தெரியல சித்தப்பா.”

“கோவில்பட்டிப் பக்கமா இருக்கும்”னார். அவர் ஊர் அது. திரும்பப் பேப்பரைப் பிரிச்சுக்கிட்டார்.

1982 ஃபாக்லாந்து போர் சமயத்துல குழுவோட பாடகரும் கிட்டார்காரருமான மார்க் நாஃப்ளர் எழுதின பாட்டுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அதைச் சொல்ல சித்தப்பாவைத் தேடினப்ப அவர் ரிட்டயராகி நிஜமாவே கோவில்பட்டிக்குப் போயிட்டார். போன்ல சொன்னேன். “யார் ஜெயிச்சா?”ன்னு மட்டும் கேட்டார்.

22 ஜூலை 2024

வெலிங்டன் சார், உங்களுக்குப் பதிலா இன்னொண்ணு. அந்த ஆல்பம் பதிஞ்சது மான்ட்செராட்னு கரீபியன் கடல்ல ஒரு சின்னத் தீவு. பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோட ஸ்டுடியோ. 1989-ல ஹ்யூகோ புயல் அதைச் சிதைச்சுது. 1995-லேர்ந்து எரிமலை வெடிச்சு தலைநகர் ப்ளிமத்தையே சாம்பல்ல புதைச்சிருச்சு, ஊரையே காலி பண்ணிட்டாங்க. ஸ்டுடியோ இடிஞ்ச படத்தைப் பார்த்தேன், ஜன்னல் வழியா செடி புகுந்து கிடக்கு. 2009 நவம்பர் மண்சரிவுக்கு அப்புறம் குன்னூர் ரோட்டுல சில வீடுகள் அப்படித்தான் நின்னுது.

15 ஆகஸ்ட் 2024

லீவு நாள், நீளமா எழுதலாம்.

‘மணி ஃபார் நத்திங்’ பத்தி ஒரு தம்பி, “அந்த கிட்டார் சத்தம் எந்த பெடல்?”னு கேட்டிருக்கார் (பெடல்னா கிட்டார் சத்தத்தை மாத்தற, காலால மிதிக்கற கருவி). பெடலைத் தேடி வீணாப் போகாதீங்க, நான் போனேன். லெஸ் பால் கிட்டார், லேனி ஆம்ப். ஆனா அந்த மூக்கடைச்ச சத்தத்துக்கு முக்கியக் காரணம் மைக் தப்பான இடத்துல கிடந்தது. ஒரு மைக் தரையைப் பார்த்துட்டுக் கிடந்திருக்கு. தயாரிப்பாளர் நீல் டார்ஃப்ஸ்மன் அதை நேர் பண்ணப்போகும்போது, “வேண்டாம், இதுவே நல்லாருக்கு”ன்னு விட்டிருக்காங்க. அப்புறம் நியூயார்க் போய் அதே சத்தத்தைக் கொண்டுவரப் பார்த்து, வரவே இல்லையாம்.

நாங்களும் முயற்சி பண்ணோம். 1989, காலேஜ் கல்ச்சுரல்ஸ். கிவ்சன் கிட்டார், கல்யாண வீட்டு அஹூஜா ஆம்ப், குழாய் ஸ்பீக்கர். மைக்கைத் தப்பா வைக்கிறதுல நாங்க நாஃப்ளருக்குக் குறைஞ்சவங்க இல்ல. வந்தது கொடநாடு போற பஸ் கியர் மாத்தற சத்தம். ஆறுதல் பரிசுகூட இல்ல.

பாட்டோட விஷயம் புரிஞ்சதும் அதுக்கப்புறந்தான். நியூயார்க்ல ஒரு சாமான் கடையில, ஃபிரிட்ஜும் அடுப்பும் தூக்கற ஆள் டி.வி.யில ஓடற பாட்டுக்காரங்களைப் பார்த்துப் புலம்பறதைக் கேட்டு, நாஃப்ளர் அங்கயே உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சாராம். குன்னூர்ல படிக்கட்டுத் தெருவுல சிலிண்டர் தூக்கிட்டு ஏறறவர் என்னைக் கிட்டாரோட பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்துது. அதுக்கு எம்.டி.வி.ங்கிற பாட்டுச் சேனலைப் பார்த்திருக்கணும்னு அவசியமில்ல. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’தான் எம்.டி.வி.

அந்தப் பாட்டு மேல இருந்த மயக்கம் எனக்குப் போயிருச்சு. இப்ப முழுசாக் கேட்கறது ரெண்டாவது பக்கந்தான். விற்பனையைத் தள்ளினது முதல் பக்கம், வீட்டுல தங்கினது ரெண்டாவது பக்கம். ‘வாக் ஆஃப் லைஃப்’ வேண்டாம்னு டார்ஃப்ஸ்மன் சொல்லியிருக்கார், மத்தவங்க ஓட்டுப் போட்டு அவரைத் தோக்கடிச்சுட்டாங்க. அது இங்கிலாந்துல ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சு. நான் டார்ஃப்ஸ்மன் கட்சி.

6 அக்டோபர் 2024

சொல்ல மறந்த ஒண்ணு. என் கேசட்டுல ‘ஒய் வொரி’ முடிஞ்சதும் நாலு நிமிஷம் வெறும் டேப் இருக்கணும் இல்லையா? இல்ல. போனி எம் பாட்டு ஒண்ணு இருக்கு. தாலாட்டு மாதிரி மறையற பாட்டு, அது முடிஞ்ச அடுத்த நொடி டிஸ்கோ! அஞ்சு ரூபா தகராறுக்கு முன்னாடியே அது இருந்துதா, தகராறு அன்னைக்கே சமாதானத்துக்காகப் பதிஞ்சு கொடுத்தாரான்னு ஞாபகமில்ல. சமாதானத்துக்குத்தான்னு எனக்குள்ள ஒரு எண்ணம். பாவம், எவ்வளவு நல்ல மனுஷன், நான் கத்தியும் ஓசியில ஒரு பாட்டு கொடுத்திருக்கார்.

7 அக்டோபர் 2024

கோத்தகிரி தம்பி பதில்: அவங்கப்பா கேசட்டுலயும் அதே இடத்துல ஒரு பாட்டு இருக்காம். இயேசு பாட்டு. ஊட்டி அக்கா கேசட்டுல டி.எம்.எஸ். முருகன் பாட்டு.

சமாதானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கு வெறும் டேப்பைப் பார்த்தாலே பொறுக்காது. மிச்சத்தை நிரப்பிட்டுத்தான் கொடுப்பார், வாங்க வந்த ஆளைப் பார்த்து எது பொருந்தும்னு அவரே முடிவு பண்ணியிருக்கார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஏன் போனி எம் தோணுச்சுன்னு யோசிக்க விரும்பல.

12 ஜனவரி 2025

நாலு நாளா உறைபனி. காலையில புல்லெல்லாம் உப்புத் தூவினாப்ல இருக்கு.

குன்னூர் போயிருந்தேன். கடை இருந்த இடத்துல இப்ப ஹோம்மேட் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விக்கறாங்க. உள்ளே இருந்த பையனுக்கு ரெக்கார்டிங் சென்டர்னாலே புரியல. பழைய ஆளுங்களை விசாரிச்சேன். அவர் கடையை மூடி, பிள்ளைகளோட திருப்பூர்ப் பக்கம் போயிட்டாராம். வருஷம் பல ஆச்சாம். இருக்காரா இல்லையான்னு யாருக்கும் தெரியல. அஞ்சு ரூபாயை எங்க கொடுக்கறது? கால் கிலோ சாக்லேட் வாங்கிட்டு வந்துட்டேன், அதுவும் நல்லால்ல.

டெக்குக்குப் புது பெல்ட் போட்டாச்சு. இருபது ‘சட்’டுக்கு 36. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். கீறல் சத்தத்தை எடுத்துடலாம்னு மருமகன் சொன்னான், வேண்டாம்னேன். போனி எம்மையும் வெட்டல.

கோத்தகிரி தம்பி, ஃபைல் பெருசு, அனுப்பத் தெரியல. பென் டிரைவோட நேர்ல வாங்க. அப்பா கேசட்டையும் எடுத்துட்டு வாங்க, அந்த இயேசு பாட்டைக் கேட்கணும். கீழேயிருந்து கேட்ட மத்தவங்களும் வரலாம், இ-பாஸ் எடுத்துட்டு.